வலி உன் பங்கு, தேன் என் பங்கு

போன திங்கட்கிழமையிலிருந்து நம் லைனில் எல்லோரும் கையுறை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். விரலை நுழைத்ததும் உள்ளே இருந்த மாவு வாசனை மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. மூடி திருக வேண்டிய பாட்டில்கள் பெல்ட்டில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற புதுப் பெண், "இன்னாக்கா, உடம்பு முடியலியா?" என்று கேட்டாள். தூக்கம் போதவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. எத்தனை மணி நேரம் படுத்தாலும் இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போதுவதில்லை.

அவள் நிற்பது உன் இடத்தில். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

உனக்கு ஒரு நாள் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. நீ இருந்தவரை நமக்கு நடுவில் கடிதத்துக்கு என்ன வேலை? வில்லியனூரில் கம்பெனி பஸ் ஏறினால் சேதராப்பட்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவோம். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அது உனக்கும் தெரியும்.

தாரணிக்கு நாலரை வயதாகும்வரை அவள் நாக்கில் கோளாறு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தன் பேரைத் 'தாயணி' என்பாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விழுப்புரம் என்று கத்துவதைக் கேட்டு அவளும் "வியுப்புயம், வியுப்புயம்" என்று கத்துவாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எல்.கே.ஜி.யில் சேர்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. வகுப்புப் பிள்ளைகள் அவளைத் 'தாயணி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள்.

அதை முதலில் கண்டுபிடித்தது நீதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். வாசலில் ஐஸ் வண்டி நின்றது. தாரணிக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏய் கலா, இந்தப் புள்ள ஐஸ நக்கவே மாட்டுது பாருடி. கடிக்கிது."

"பசியா இருக்கும்," என்றேன்.

"பசி இல்ல. கண்ணு, நாக்க நீட்டு பாக்கலாம்."

அவள் நீட்டினாள். உதட்டைத் தாண்டி வரவில்லை. நுனி நடுவில் பிளந்து, நூல் கட்டி உள்ளே இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது. நாலரை வருஷம் சோறூட்டிய வாய். அதற்குள் நான் ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட வந்தாய். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு தடிப்பாக, நுனிவரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் லோடு வண்டியை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்தார். மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். உள்ளே கொண்டுபோனது தெரிந்தது, வெளியே கொண்டுவந்தது தெரிந்தது, அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆபரேஷன் சின்னதும்மா. இனிமேதான் வேலை," என்றார். புண் ஆறும்போது வெட்டிய இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதனால் தினம் மூன்று வேளை விரலை நாக்குக்கு அடியில் வைத்து மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். நாலு வாரத்துக்கு விடாமல் செய்ய வேண்டும். அதோடு நாக்கை நீட்டுகிற, சுழற்றுகிற பயிற்சி. எப்படி என்று தன் விரலை வைத்துக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

வேலைக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். முதல் இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் புண்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரிந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று உனக்குப் போன் செய்து அழுதேன். "சீழ் இல்லடி, அப்டித்தான் ஆறும்னு டாக்டர் சொன்னாரு இல்ல? நீ கேக்கவே இல்லியா?" என்றாய். கேட்டிருந்தேன். பயத்தில் மறந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் விரலை வைத்தபோது தாரணி என் விரலைக் கடித்தாள். கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மாவா இதைச் செய்கிறாள் என்கிற பார்வை. விரலை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வைக்கவில்லை.

வீட்டுக்காரர் கேட்டால் செய்தேன் என்பேன். ஒத்தாசைக்கு நெட்டப்பாக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த என் நாத்தனாரிடமும் அதையே சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவேன். பிள்ளைக்குக் கதை சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவேன். பிள்ளை அழவில்லையே என்று நாத்தனார் பாராட்டினார்.

எட்டாம் நாள் டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். "ஒட்டிக்க ஆரம்பிச்சிருக்கே. வீட்ல செய்யறீங்களா?" என்றார். செய்கிறேன் என்று அவரிடமும் சொன்னேன். அவரே விரலால் அழுத்திப் பிரித்தார். ரத்தம் கசிந்தது. தாரணி போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "இன்னும் மூணு வாரம். விட்டீங்கன்னா மறுபடி மயக்கம் கொடுத்து வெட்டணும்," என்றார் டாக்டர்.

வில்லியனூர் வந்து இறங்கியதும் நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். தாரணி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஐந்து நாளாகச் செய்யவில்லை என்பதை உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ உன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாய். அத்தனை வருஷப் பழக்கத்தில் அதுவரை சொன்னதில்லை.

"அவருக்கு சக்கர. கால் வெரல்ல புண்ணு. தெனம் கட்டு மாத்த சொன்னாங்க. தொட்டாலே அழுவாரு. சரி, இன்னிக்கு வாணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுட்டேன். அப்டியே நாலு நாளு. மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்புறம் காலு. அப்புறம் ஆளே இல்ல. பாவம் பாத்துப் பாத்தே அவர அனுப்பிட்டேன்டி."

பிறகு சொன்னாய்: "நீ செய்யாத. நான் வந்து செய்றேன். பெத்தவள புள்ள வெறுக்கக் கூடாது. என்ன வெறுத்தா இன்னா கெட்டுப்போச்சு?"

மறுநாளே சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாய். காலையில் ஏழு மணி, பத்து மணி, பஸ் ஏறப் போகுமுன் பன்னிரண்டரை. கணக்காக மூன்று வேளையும் வந்தாய். பிள்ளையைப் போர்வையில் சுற்றி, தலையை உன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வாய். கையைப் பிடித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை. "நீ வெளிய போ. மூஞ்சப் பாத்தா அவளும் அழுவா, நீயும் அழுவ," என்றாய். போய்விட்டேன். வெளியே குழாயடியில் நின்று தண்ணீரைத் திறந்துவிடுவேன், அவள் கத்துவது கேட்காமல் இருக்க. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். மூடத் தோன்றாது.

சாயங்காலப் பயிற்சி என்னுடையது. மேலுதட்டில் தேனைத் தடவி நாக்கால் எடுக்கச் சொல்வது. கடைவாய்ப் பக்கம் வெல்லத்தை ஒட்டித் தேடச் சொல்வது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னபடி மோட்டார் சைக்கிள் மாதிரி நாக்கை உதறச் சொல்வது. அவளுக்கு அதெல்லாம் விளையாட்டு. வலிக்கிறதெல்லாம் உன் பங்காகவும் தேன் என் பங்காகவும் ஆனது. உன்னிடமே இதை ஒரு நாள் சொன்னேன். "நல்ல பாகப் பிரிவினதான்," என்று சிரித்தாய்.

நாத்தனார் அந்த வார்த்தையைச் சொன்னது நீ செய்ய ஆரம்பித்த மூன்றாம் நாள். பத்து மணி முறையை முடித்துவிட்டு நீ வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். அடுப்படியிலிருந்து அவர் குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்.

"ஏன் கலா, புள்ள வாயில கைய வுட உனுக்கு வேற ஆளே கெடைக்கலியா? அந்தத் தெருப் பொம்பள வெரல வுட்டு நோண்டுறா, நீயும் பாத்துக்கினு நிக்கிற. எங்கப்பா இருந்திருந்தா வாசப்படி ஏற வுட்டிருப்பாரா?"

உன் காதில் விழுந்தது. செருப்புக்குள் போன கால் ஒரு கணம் நின்றது, நான் பார்த்தேன். மாமனார் காலத்து நிலத்தில் பாதி விற்றாகிவிட்டது, மீதி குத்தகையில் இருக்கிறது, உன்னோடு ஒரே பெல்ட்டில் நின்று மூடி திருகித்தான் நானும் சாப்பிடுகிறேன். இதையெல்லாம் அன்றைக்கு நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே வேண்டாம், "அண்ணி, போதும்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நீ தெருவில் இறங்கி நடந்தாய்.

இனி வரமாட்டாய் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நீ வராவிட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று தோன்றியது.

பன்னிரண்டரைக்கு வந்தாய். கையில் மருந்துக் கடையில் வாங்கிய கையுறைப் பெட்டி இருந்தது. "டாக்டருங்க போட்டுக்கினுதான செய்றாங்க. சுத்தமா இருக்கும்," என்று நாத்தனாருக்குக் கேட்கும்படி சொன்னாய். அவருக்குத் திருப்தி. தாரணிக்கு அந்த ரப்பர் ருசியும் மாவு வாசனையும் பிடிக்கவேயில்லை. அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகக் கத்தினாள். நாத்தனார் அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நீ கையுறையைக் கழற்றவில்லை. கழற்று என்று நானும் சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று நீ எத்தனை நாள் பார்த்திருப்பாய்?

உன் தலை தெருமுனையில் தெரிந்தாலே தாரணி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கடைக்கு அழைத்துப்போகும்போது வழியில் உன்னைப் பார்த்தால் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். உன் பேரைச் சொல்லிப் பயமுறுத்திச் சோறூட்டியிருக்கிறார்கள் எங்கள் தெருவில். ஐஸ் வாங்கிக் கொடுத்தவள் நீ. உனக்கு அது வலிக்கவில்லையா என்று நான் கேட்டதில்லை.

நாலாவது வாரக் கடைசியில் அது நடந்தது. காலை ஏழு மணிக்கு நீ வாசலில் வந்து நின்றாய். தாரணி நிலைப்படிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"வராத! நீ வராத! எங்க வூட்டுக்கு வராத!"

நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"ஏய், கேட்டியாடி?" என்றாய். "வயாதன்னு சொல்லல. வராதன்னு சொல்றா. 'ர' வந்துடுச்சிடி!" பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, "இன்னொரு தபா சொல்லு கண்ணு. என்ன வராதன்னு சொல்லு," என்றாய். அவள் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கும் மூன்று வேளை செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாய்.

அந்த வாரம் டாக்டர் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது, இனி விரல் வைக்க வேண்டாம் என்றார். "விடாம செஞ்சிருக்கீங்கம்மா," என்று என்னைத்தான் பாராட்டினார். நான் தலையாட்டினேன்.

மற்ற எழுத்துகள் வர ஆறு ஏழு மாதம் ஆயிற்று. விழுப்புரத்தின் ழ கடைசியாக வந்தது. ஆனால் வந்துவிட்டது. நீ மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாய். "புள்ள மறக்கட்டும். அப்புறம் வரேன்," என்றாய். அவள் மறப்பதற்குள் உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தாய். கண்ணின் மஞ்சள் போகவில்லை. வயிற்றுக்குள் கட்டி என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் உன் மகன் லீவு போட்டுவிட்டு வந்தான். ஒன்பது வாரம். நான் காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி, அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருவேன். கால் வீங்கியிருக்கும். உன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்வேன். யார் நோயாளி என்று நர்ஸ் ஒரு நாள் கேலி செய்தாள்.

ஒரு நாள் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து உன் உதட்டருகே கொண்டுவந்தேன். நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். "வாயத் தொற. ரெண்டு வாய்தான். தொற," என்று அதட்டினேன். உன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"இப்பதான் தெரியுது, அந்தப் புள்ளைக்கு எப்டி இருந்திருக்கும்னு."

அன்றைக்கு விட்டால் முடியாது என்று தோன்றியது. "எங்க அண்ணி அன்னிக்கு சொன்னாங்களே... நான் அப்போ பேசியிருக்கணும்," என்று ஆரம்பித்தேன். நீ கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டாய், "எந்த அண்ணி? இன்னா சொன்னாங்க?"

என் கண்ணைப் பார்க்காமல் கேட்டாய். உனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை என்று அதில் தெரிந்தது. நான் இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். மன்னிப்பைக்கூட உன் பங்கிலேயே தள்ளிவிட்டேன்.

நீ போன அன்று தாரணியையும் அழைத்து வந்தேன். பிரேயர் முடிந்து எல்லோரும் அமைதியாக நின்ற நேரம். என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னை எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"அம்மா, அவங்க விரலும் செத்துப்போச்சா?"

ர, ல எல்லாம் அத்தனை தெளிவு. ஒரு எழுத்து பிசகவில்லை. நாலைந்து பேர் திரும்பி முறைத்தார்கள். உன் மகனும் பார்த்தான். அங்கேயே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். நான் அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். நான் எப்போதும் வெளியே வந்துவிடுகிறவள்.

இத்தனை நாளும் சொல்லாமலே இருந்தேன். வேலை, சமையல், அவள் வீட்டுப்பாடம், மறுபடி வேலை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகக் கையில் ஒட்டியிருந்த அந்த மாவு வாசனை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. முகத்தைப் பார்க்காமல், பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"வாயில விரல் வெப்பாங்களே ஒரு ஆன்ட்டி, ஞாபகம் இருக்கா? அது நான் செய்ய வேண்டியது தாரு. எனக்குத் தைரியம் இல்ல. அதனாலதான் அவங்க செஞ்சாங்க. அவங்க செய்யலன்னா உனக்கு இப்டிப் பேச வந்திருக்காது."

மடியில் இருந்த ரிப்பனை விரலில் சுற்றினாள். பிறகு, "அப்ப நீ எங்கம்மா இருந்த?" என்றாள்.

"வெளிய. குழாய்கிட்ட."

"ஓ." மறுபடி ரிப்பனைச் சுற்றினாள். "நான் அவங்கள ரொம்ப கடிச்சேன்மா. ஒரு நாள் ரத்தம்கூட வந்துச்சு. அந்த ரப்பரு கிழிஞ்சிடுச்சு. அவங்க திட்டவே இல்ல. 'அப்பா, இன்னா பல்லு, நல்லா சோறு திம்ப நீ'ன்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு பாட்டு பாடுவாங்க. மாதா பாட்டு. அது முடியறவரைக்கும் தூக்கிப் பிடிப்பாங்க. முடிஞ்சதும் விட்டுடுவாங்க."

சீப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ பாடுவாய் என்று எனக்குத் தெரியாது. ரத்தம் வந்ததும் தெரியாது. நீ சொன்னதில்லை. நான் திறந்துவிட்ட தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான் தெரியும்," என்றாள். பாடிக் காட்டினாள். இரண்டு வரி. மூன்றாவது வரியில் வார்த்தை மறந்துபோய் ராகத்தை மட்டும் இழுத்தாள்.

அந்த இரண்டு வரிதான் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரி எனக்கும் வரவில்லை. உன்னோடு அந்த அறைக்குள் இருந்தவள் அவள் ஒருத்திதான். இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக அவளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.